ஃபீனி கண்ணை மூடவில்லை

ராகெட் குடா, நியூஃபவுண்ட்லாந்து
20 ஜூன் 1994

ஹெட்லிக்கு,

உன் கப்பல் கம்பெனிக்கு எழுதிக் கேட்டு இந்த விலாசத்தை வாங்கினேன். நலம் விசாரிக்க எழுதவில்லை. வேட்டை லைசென்ஸ் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமைத் தபாலில் வந்தது. ஒரு மூஸ் மான் சுடலாம், ஆணோ பெண்ணோ எதுவானாலும் சரி, நம்முடைய பழைய காட்டிலேயே. ஜோடி லைசென்ஸ். ட்ரைஃபினா ஹான், ஹெட்லி பார்டி என்று இரண்டு பெயரும் பக்கத்தில் பக்கத்தில் அச்சாகி வந்திருக்கிறது. விண்ணப்பத்தில் உன் கையெழுத்தை நானே போட்டேன். நாலு வருடமாக நான்தான் போடுகிறேன். ஒற்றை ஆளாகக் கேட்டால் கிழவியான பிறகுதான் கொடுப்பார்கள். உன்மேல் பாசம் பொங்கிப் போட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

நான்தான் சுடப்போகிறேன். உன் அத்தான் வில்ஃபுக்கு முட்டி போய்விட்டது, ஐம்பது அடி நடந்தால் உட்காரக் கல் தேடுகிறார். இந்த ஊரில் மீன் ஆலையை மூடி இரண்டு வருடமாகிறது. குளிர்காலத்துக்கு இறைச்சி வேண்டும். ஆனால் அதற்காக மட்டும் போகவில்லை. எதற்காக என்று உனக்கே தெரியும்.

உனக்கு எழுதக் காரணம் ஒன்றுதான். அப்பாவின் 303 துப்பாக்கி நன்றாக இருக்கிறது, குறிபார்க்க அதன் மேலிருக்கிற ஸ்கோப்புக்குத்தான் வயதாகிவிட்டது. மழை நாளில் உள்ளே ஆவி பிடித்து, மூஸைப் பார்க்கிறேனா மேகத்தைப் பார்க்கிறேனா என்று தெரியவில்லை. புதிது வாங்க வேண்டும். கையில் இருப்பது போன வருடம் பழம் பறித்து விற்ற காசு. அதற்குள் அடங்கவேண்டும், ஏமாற்றவும் கூடாது. உனக்கு எதில் புத்தி இல்லாவிட்டாலும் இந்த விஷயத்தில் உண்டு. எது வாங்கலாம் என்று எழுது.

போன் செய்யாதே. உன் குரலைக் கேட்டால் வைத்துவிடுவேன்.

ஃபீனி


தண்டர் பே, ஒன்டாரியோ
5 ஜூலை 1994

அன்புள்ள அக்கா,

உறையின்மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்றுதான் நினைத்தேன். பிரிக்கப் பயந்து ஒரு நாள் முழுக்கச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். நாலு வருடம் கழித்து நீ எழுதுவாய் என்று நான் எங்கே கண்டேன்!

நான் நன்றாக இருக்கிறேன். இங்கே கோதுமை ஏற்றுகிறோம், கீழே போய் இறக்குகிறோம், இரும்புத் தாதோடு திரும்பி வருகிறோம். ஏரிதான், ஆனால் கரை கண்ணுக்குத் தெரியாது. எங்கள் சமையல்காரன் பெரி நம் பக்கத்து ஆள், ஃபார்ச்யூன்காரன். அவன் இருப்பதால் ஞாயிற்றுக்கிழமையாவது உப்புக்கறி கிடைக்கிறது. அத்தானின் முட்டிக்கு ஏதாவது மருந்து உண்டா? இங்கே ஒருவன் தைலம் விற்கிறான், அனுப்பட்டுமா?

ஸ்கோப் பற்றிக் கேட்டாய். தபால் விற்பனைப் புத்தகத்திலிருந்து ஒரு பக்கம் கிழித்து வைத்திருக்கிறேன், நடுவில் வட்டம் போட்டிருக்கிறது பார். மூன்றிலிருந்து பன்னிரண்டு மடங்கு வரை பெரிதாகக் காட்டும். முன்கண்ணாடி தேநீர்க் கோப்பை அகலம். மூஸின் கண் இமை வரை தெரியும். இந்த விலைக்கு இவ்வளவு பெரிது எங்கும் கிடைக்காது. குறைகிற காசுக்கு ஒரு காசோலை இதோடு வைத்திருக்கிறேன், மறுக்காதே.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தப்பாக எடுத்துக்கொள்ளாதே. நீ தனியாகக் காட்டுக்குப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. டிசம்பர் கடைசியில்தான் குளிர்காலத்துக்காகக் கப்பலைத் துறையில் கட்டிப்போடுவார்கள், அதற்குள் சீசன் முடிந்துவிடும், நான் வர முடியாது. இந்த வருடம் விட்டுவிடேன். விசையை இழுக்கும்போது உனக்கு அந்தப் பழக்கம் வேறு இருக்கிறது. பழக்கம் யாருக்குத்தான் இல்லை? ஊரே மறந்திருக்கும் விஷயத்தை நாமே ஏன் கிளற வேண்டும்?

கோபப்படாதே.

உன் தம்பி
ஹெட்லி


ராகெட் குடா
24 ஜூலை 1994

ஹெட்லி,

உன் காசோலையைத் திருப்பி வைத்திருக்கிறேன். தைலத்தை நீயே தடவிக்கொள்.

ஊர் மறந்துவிட்டதாம்! போன செவ்வாய்க்கிழமை அம்புரோஸ் கடைக்குப் போனேன். அவனிடம் மூன்று ஸ்கோப் இருக்கிறது என்று கேள்வி. நான் கதவைத் திறக்கும்போதே சொல்கிறான்: "வாங்க வாங்க, கண்மூடி ஃபீனி! என்னத்துக்கு ஸ்கோப்பு? கண்ணை மூடிக்கிட்டா எல்லா ஸ்கோப்பும் ஒண்ணுதானே?" கடையில் ஆறேழு பேர். எல்லாரும் சிரித்தார்கள். பாதிரியார் மனைவிகூட முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். நாலு வருடமாக என் பெயர் இதுதான். நீ அங்கே ஏரியில் இருக்கிறாய், உனக்கென்ன?

அவர்கள் சிரிப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அன்று என் குண்டு பட்டு ஓடிப்போன அந்த மூஸைத்தான் பொறுக்க முடியவில்லை. நீ அதைப் பார்க்கவில்லை. மறு வருடம் பழம் பறிக்கப் போனவர்கள் சதுப்பில் அதன் எலும்பைக் கண்டதாகச் சொன்னார்கள். நான் தனியாகப் போய்ப் பார்த்தேன். சுட்ட இடத்திலிருந்து இரண்டு மைல் நடந்திருக்கிறது. பின் இடுப்பெலும்பில் என் குண்டு பட்ட தடம் இருந்தது. தோளுக்குப் பின்னால் வைத்த குறி, இடுப்பில் போய்ப் பட்டிருக்கிறது. எத்தனை நாள் கழித்துச் செத்ததோ. அந்த எலும்பு பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன் ஹெட்லி. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அதனால் இந்த முறை நானேதான் சுடுவேன். நான் நம்புகிற கண்ணாடி வழியாகத்தான் சுடுவேன். தெரிந்துகொள்.

அம்புரோஸிடம் சொன்னேன்: "சிரிச்சு முடிச்சியா? முடிச்சிருந்தா மூணையும் எடு. ஒரு வாளியில வெதுவெதுன்னு தண்ணி கொண்டா."

"எதுக்கு?"

"குளிப்பாட்டத்தான்."

"ஐயோ ஃபீனி, விக்காத சாமான்!"

"மழையில நனையாத ஸ்கோப்புன்னு பெட்டி மேல போட்டிருக்கா இல்லையா? நம்ம ஊர்ல மழை பெய்யுமா பெய்யாதா? அப்ப முக்கு."

முக்கினோம். நீ வட்டம் போட்டு அனுப்பினாயே, அதே சரக்கு ஒன்று அவனிடமும் இருந்தது. தேநீர்க் கோப்பை அகலம்தான். தண்ணீருக்குள் போனதும் ஓரத்திலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள், சோடா மாதிரி. காற்று வெளியே வருகிற இடத்தில் ஈரம் உள்ளே போகும். அம்புரோஸ் முகம் சுருங்கிவிட்டது, எனக்கு உள்ளுக்குள் அத்தனை சந்தோஷம். மற்ற இரண்டில் குமிழி வரவில்லை. அந்த இரண்டையும் துடைத்து ஓரமாக வைக்கச் சொன்னேன். இன்னும் முடிவு செய்யவில்லை.

இனி நான் எழுத வந்த விஷயம்.

காசைக் கரியாக்காதே, வெயில் நாளில் பழைய ஸ்கோப்பே நன்றாகத்தான் தெரிகிறது என்று உன் அத்தான் முனகிக்கொண்டே இருந்தார். சரி, அதையும் பார்த்துவிடலாம் என்று போன சனிக்கிழமை ஜல்லிக் குழிக்குப் போனோம். நூறு கஜத்தில் அட்டை வைத்தேன். துப்பாக்கியை மணல் மூட்டைமேல் சாய்த்து மூன்று சுட்டேன். அட்டையில் ஒன்றுமே இல்லை. வில்ஃப் பெரிய ஒட்டுப்பலகை ஒன்று கொண்டுவந்து வைத்தார். மறுபடி மூன்று. மூன்றும் ஒரு கை அகலத்துக்குள், வலதுபக்கம் இரண்டரை அடி தள்ளி.

பிறகு வில்ஃபைச் சுடச் சொன்னேன். அதே இடம், வலதுபக்கம் இரண்டரை அடி.

என்னுடைய கண்மூடுகிற வியாதி உன் அத்தானையும் தொற்றிக்கொண்டதா?

தொண்ணூறாம் வருடம் ஆகஸ்டில் நானே சுட்டுச் சரிபார்த்தேன், நடுவில் பட்டது. எண்ணெய் போட்டு வைக்கிறேன் என்று நீ எடுத்துப் போனாய். அக்டோபரில் காட்டில்தான் மறுபடி என் கையில் கொடுத்தாய். அன்று சாயங்காலம் என் வீட்டுச் சுவரில் மாட்டியதை, இந்த ஜூனில் நான் எடுக்கும்வரை யாரும் தொடவில்லை.

ஆகஸ்டுக்கும் அக்டோபருக்கும் நடுவில் என்ன நடந்தது?

ஃபீனி


போர்ட் கோல்போர்ன், ஒன்டாரியோ
14 ஆகஸ்ட் 1994

அக்கா,

இது நாலாவது கடிதம். முதல் மூன்றையும் ஏரியில் போட்டேன். முதலாவதில் குளிரில் உலோகம் சுருங்கும் என்று எழுதினேன். இரண்டாவதில் சுவரிலிருந்து விழுந்திருக்கலாம் என்று எழுதினேன். மூன்றாவதில் அத்தானுக்கும் கண் சரியில்லை என்று எழுதிவிட்டு எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

நான்தான் கீழே போட்டேன்.

செப்டம்பர் கடைசி வாரம். சீசனில் முதல் நாளே மூஸ் கிடைக்குமா என்று பார்க்கத் துப்பாக்கியோடு படகில் வளைகுடாவின் அந்தப் பக்கம் போனேன் என்று உன்னிடம் சொன்னேன் இல்லையா? பொய். அம்புரோஸின் அண்ணன் வலை இழுத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு எவ்வளவு மீன் விழுகிறது என்று பார்க்க எனக்கு ஆசை. எட்டத்தில் படகை நிறுத்தி ஸ்கோப் வழியாகப் பார்த்தேன். ஊரில் எல்லாரும் செய்கிற வேலைதான், நீயும் திட்டியிருக்கிறாய். அலை ஒன்று அடித்தது. துப்பாக்கி கையிலிருந்து நழுவி, ஸ்கோப் நேராக எஞ்சின் பெட்டி மூலையில் போய் மோதியது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து பார்த்தால் கண்ணாடி உடையவில்லை. குறுக்குக் கோடு மட்டும் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது. உன்னிடம் சொன்னால் கொன்றுவிடுவாய். ஜல்லிக் குழியில் சுட்டுச் சரிபார்த்தால் சத்தம் கேட்டு ஊரே ஏன் என்று கேட்கும். அதனால் துப்பாக்கியின் பின்பக்கம் இருக்கிற போல்ட்டைக் கழற்றிவிட்டு, வெறும் குழாய் வழியாகச் சர்ச் புகைபோக்கியைப் பார்த்தேன். ஸ்கோப்பும் அதே புகைபோக்கியைப் பார்க்கும்வரை திருகைத் திருப்பினேன். சரியாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன். ஒரே ஒரு குண்டு சுட்டிருந்தால் தெரிந்திருக்கும். அந்த ஒன்றைச் சுடவில்லை. உள்ளே ஏதோ விரிசல் விட்டிருக்கும்போல, வண்டியில் காட்டுக்குப் போன குலுக்கலில் மறுபடி நகர்ந்திருக்கிறது.

நீ சுட்டாய். மூஸ் ஓடியது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அம்புரோஸ், "என்னடா ஆச்சு?" என்றான். என் வாய் தானாகத் திறந்தது. "அக்கா கண்ணை மூடிட்டா" என்றேன். அவர்கள் சிரித்தார்கள். அன்று ராத்திரியே சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று, கடைசியில் கப்பல் ஏறிவிட்டேன். ஊரில் மீன் இல்லாததால் மட்டும் நான் போகவில்லை அக்கா.

சதுப்பில் நீ உட்கார்ந்து அழுததைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை. ஸ்கோப் பற்றி மட்டும் இந்த முறை உண்மையைச் சொல்கிறேன். நான் வட்டம் போட்டது தப்பு, படத்தைப் பார்த்து மயங்கிவிட்டேன். பன்னிரண்டு மடங்கு நம் காட்டுக்கு உதவாது. நாற்பது கஜத்தில் புதருக்குள் நிற்கிற மூஸை அதன் வழியாகப் பார்த்தால் வெறும் மயிர்தான் தெரியும், தலை எது வால் எது என்று தெரியாது. முன்கண்ணாடி பெரிதாக இருந்தால் ஸ்கோப்பை உயர்த்திப் பூட்ட வேண்டும், அப்போது கன்னம் துப்பாக்கிக் கட்டையில் பதியாது. மடங்கு மாற்றுகிற வளையம் இல்லாத, நாலு மடங்கு மட்டும் காட்டுகிற சாதாரண ஸ்கோப் வாங்கு. உள்ளே நகர்கிற சாமான் குறைவாக இருந்தால் கெட்டுப்போகிற சாமானும் குறைவு. அதே காசுக்கு நல்ல கண்ணாடி கிடைக்கும். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் நடுவில் நாலு விரல் இடம் விடு, சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும். என் புருவத்தில் இருக்கிற பிறை வடு எப்படி வந்தது என்று உனக்குத்தான் தெரியுமே.

குறியை நகர்த்துகிற திருகைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. ஒன்று சுடு. மேலே இருபது சொடுக்கு, வலப்பக்கம் இருபது, கீழே இருபது, இடப்பக்கம் இருபது என்று ஒவ்வொரு முறையும் திருப்பிச் சுடு. கடைசிக் குண்டு முதல் ஓட்டையிலேயே வந்து விழுந்தால் திருகு பொய் சொல்லவில்லை.

முக்கியமாக, எங்கேயாவது இடித்துவிட்டால், எவ்வளவு சின்ன இடியாக இருந்தாலும், மறுபடி சுட்டுப் பார்க்காமல் ஒரு மிருகத்தின்மேல் குறி வைக்காதே. இதை உனக்குச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் சொல்கிறேன்.

ஹெட்லி


ராகெட் குடா
3 செப்டம்பர் 1994

ஹெட்லி,

உன் கடிதம் வந்தது. அதைப் பற்றி இப்போது எழுதமாட்டேன். எழுத ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன், எனக்கு வேலை இருக்கிறது. முதலில் மூஸ்.

ஸ்கோப் வாங்கிவிட்டேன். குமிழி வராத இரண்டில் ஒன்று ஒன்பது மடங்கு, மற்றது நாலு மடங்கு. இரண்டையும் எடுத்துக்கொண்டு சாயங்காலம் அம்புரோஸ் கடை வாசலில் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் ஆலைக் கதவில் தொங்குகிற பலகை தெரியும். மறு அறிவிப்பு வரும்வரை மூடப்பட்டுள்ளது என்று பெரிய எழுத்து, அதற்குக் கீழே அரசாங்கத்தின் பொடி எழுத்து நாலு வரி. வெளிச்சம் இருக்கும்போது இரண்டு ஸ்கோப்பிலும் பொடி எழுத்து தெரிந்தது. வெயில் இறங்க இறங்க மாறி மாறிப் பார்த்தேன். ஒன்பது மடங்கு ஸ்கோப்பில் முதலில் பொடி எழுத்து போயிற்று, அப்புறம் பெரிய எழுத்தும் போயிற்று. நாலு மடங்கில் கடைசிவரை படித்தேன். அந்தப் பாழாய்ப்போன பலகையை இத்தனை கவனமாக யாரும் படித்திருக்கமாட்டார்கள். மூஸ் வருவது அந்த நேரத்தில்தான், இல்லையா?

அம்புரோஸ் கதவைச் சாத்த வேண்டும் என்று மூன்று முறை சாவியை ஆட்டினான். "சின்னது போதுமா? பெரிசு வாங்கினா கௌரவமா இருக்கும்" என்றான். "கௌரவத்தைச் சமைச்சுத் தின்ன முடியாது, இதைக் கட்டு" என்றேன். கருப்பு, கட்டை, ஒரு அலங்காரமும் இல்லை. பெட்டியின் மூலை எலி கடித்திருந்தது, அதற்காக விலையிலும் கொஞ்சம் குறைத்தான்.

தாழ்வாகப் பூட்டினேன். கன்னம் சரியாகப் பதிகிறது. நாலு விரல் விட்டேன். சொடுக்குச் சோதனையும் செய்தேன். ஐந்தாவது குண்டு முதல் ஓட்டையைத் தொட்டுக்கொண்டு விழுந்தது. அதன் பிறகு தினமும் சாப்பாட்டுக்கு முன்னால் குண்டில்லாமல் விசையை இழுத்துப் பழகுகிறேன். துப்பாக்கிக் குழாய்மேல் ஒரு சில்லறைக் காசை வைத்துவிட்டு, அது விழாமல் இழுக்க வேண்டும். வில்ஃப் எதிரே உட்கார்ந்து என் கண்ணையே பார்க்கிறார். "மூடல" என்கிறார் ஒவ்வொரு தடவையும். நான் கேட்காமலேயே சொல்கிறார்.

ஃபீனி


டுலூத் துறைமுகம்
25 செப்டம்பர் 1994

அக்கா,

ஸ்கோப் வாங்கியதாக நீ எழுதிய பிறகு ஐந்து ஊரில் தபால் கேட்டேன், உன் கடிதம் வேறொன்றும் இல்லை. காட்டுக்குப் போனாயா?

என் ஆகஸ்ட் கடிதத்தை அம்புரோஸிடம் காட்டு. அவன் தபால்பெட்டிக்குப் பக்கத்தில் அறிவிப்பு ஒட்டுகிற பலகை இருக்கிறதே, அதிலேயே ஒட்டிவிடு. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. எல்லாரும் படிக்கட்டும். அங்கே இல்லாத என்னை அவர்கள் என்ன செய்துவிட முடியும்?

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பியிருக்கிறேன். சதுப்பு ஈரம்.

ஹெட்லி


ராகெட் குடா
23 அக்டோபர் 1994

ஹெட்லி,

காலுறை வந்தது. போட்டுக்கொண்டுதான் போனேன்.

முதலில் தோல்வியைச் சொல்கிறேன். அக்டோபர் எட்டாம் தேதி, சனிக்கிழமை. அம்புரோஸும் அவன் மச்சானும் இழுத்து வர உதவிக்கு வந்தார்கள். அவன் நாலு சக்கர வண்டி இல்லாமல் ஒரு மூஸை யார் வெளியே கொண்டுவருவது? அதனால் அவன் வாயையும் சேர்த்துச் சகிக்க வேண்டியதாயிற்று. ஓடைக்கு அந்தப் பக்கம் புதுத் தடம், சாணம் இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. ஓடையைத் தாண்டும்போது பாசிக் கல்லில் கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. துப்பாக்கி மட்டும் பாறையில் தட்டியது. பெரிய சத்தம்கூட இல்லை, டொக் என்று ஒன்று.

எழுந்து திரும்பி நடக்க ஆரம்பித்தேன்.

"எங்க போறே?" என்றான் அம்புரோஸ்.

"ஜல்லிக் குழிக்கு."

"பைத்தியமா உனக்கு? அங்க மூஸ் நிக்குது! நீ போய் அட்டையைச் சுடப் போறியா?"

"ஸ்கோப் இடிச்சிருக்கு."

"இடிச்சா என்ன, கீறல்கூட இல்ல. சும்மா சாக்குச் சொல்லாத ஃபீனி. பயமா இருக்குன்னா பயமா இருக்குன்னு சொல்லு."

அந்த நிமிடத்தில் உன் ஆகஸ்ட் கடிதம் என் கோட்டுப் பையில்தான் இருந்தது. எடுத்து அவன் மூஞ்சியில் வீசியிருக்கலாம். கை பைக்குள் போய், வெறுமையாகத் திரும்பி வந்தது. "ஆமா, பயமாத்தான் இருக்கு. உனக்கும் இருக்கணும்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். ஜல்லிக் குழிக்கு ஒன்றரை மணி நேர நடை. அட்டை வைத்து ஒன்று சுட்டேன். சரியாக நடுவில். ஸ்கோப் ஒரு மயிரிழைகூட நகரவில்லை. அதற்குள் மூஸ் எங்கேயோ போய்விட்டது, அன்றைய நாளும் போயிற்று. திரும்பி வரும்போது அம்புரோஸ் வண்டியில் விழுந்து விழுந்து சிரித்தான். ஒட்டுப்பலகையைச் சுட்டுச் சமைக்கிறாள் என்று மறுநாள் கடையில் புதுக் கதை.

உனக்கு ஒன்று சொல்கிறேன். அந்தக் குண்டை வீணாக்கியதாக நான் நினைக்கவே இல்லை. ராத்திரி நன்றாகத் தூங்கினேன். நாலு வருடத்தில் முதல் முறையாக.

மறு சனிக்கிழமையும் ஒன்றும் கிடைக்கவில்லை. நேற்றுத்தான் கிடைத்தது. காலையிலிருந்து மூடுபனி. அவர்கள் இரண்டு பேரையும் வண்டியிடம் நிறுத்திவிட்டுத் தனியாகச் சதுப்பு ஓரமாகப் போனேன். நான் எலும்பைக் கண்ட அதே சதுப்புதான், வேண்டுமென்றே அந்த வழி போனேன். மூடுபனி கொஞ்சம் விலகியதும் எண்பது கஜத்தில் ஒரு ஆண் மூஸ் நின்றது. பெரிய கொம்பெல்லாம் இல்லை, இரண்டு வயதிருக்கும். இடதுபக்கம் பார்த்து நின்றது, அன்று மாதிரியே. கன்னத்தைக் கட்டையில் வைத்தேன். முழு மிருகமும் ஸ்கோப்புக்குள் தெரிந்தது, தலை, தோள், நாலு கால் எல்லாம். ஈரத்தில் என் சட்டையே ஊறியிருந்தது, ஸ்கோப்புக்குள் துளி ஆவி இல்லை. தோளுக்குப் பின்னால் குறுக்குக் கோட்டை வைத்தேன். மூச்சு சீராகும்வரை காத்திருந்தேன். அதுவும் காத்திருந்தது.

விசை இழுபட்டபோது மூஸின் தோளில் மயிர் அசைந்ததைப் பார்த்தேன். பார்த்தேன் ஹெட்லி. திறந்த கண்ணோடு. நாற்பது அடி போய் மண்டி போட்டது. நான் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

அதன் கழுத்தில் கை வைத்து உட்கார்ந்தேன். அன்றைக்குச் செத்ததிடம் சொல்ல வேண்டியதை இதனிடம் சொன்னேன். என்ன சொன்னேன் என்பது உனக்கு வேண்டாம்.

சத்தம் கேட்டு அம்புரோஸ் வந்தான். சுற்றிச் சுற்றிப் பார்த்தான். குண்டு பட்ட இடத்தில் விரலை வைத்தான். பிறகு என்ன சொன்னான் தெரியுமா? "நல்ல ஸ்கோப்புதான் குடுத்திருக்கேன். கண்ணை மூடினாலும் அதுவே சுட்டிருச்சு பாரு!"

மச்சான் சிரித்தான். நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது? வண்டியில் ஏற்றினோம்.

இப்போது உன் கடிதத்துக்குப் பதில். அதை அம்புரோஸிடம் காட்டவில்லை. பலகையிலும் ஒட்டவில்லை. யாரிடமும் காட்டப்போவதும் இல்லை. அங்கே இல்லாத உன்னை அவர்கள் என்ன செய்துவிட முடியும் என்று எழுதினாய். ஆமாம், ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தான் காட்டவில்லை. உன் காகிதத்தை நான் ஒட்டினால், உன்னிடம் கெஞ்சி எழுதி வாங்கினேன் என்பார்கள். நீ அந்தச் சொல்லை உன் வாயால், எல்லார் நடுவிலும், என் முகத்துக்கு முன்னால் சொன்னாய். அதே மாதிரித்தான் திருப்பி எடுக்க வேண்டும். கடையில் நின்றுகொண்டு, அம்புரோஸ் முகத்தைப் பார்த்து, அவன் அண்ணன் வலையை நீ எட்டிப் பார்த்தது உட்பட.

நேற்று ராத்திரியிலிருந்து வில்ஃப் எலும்பு பிரிக்கிறார். நாளையிலிருந்து நான் இறைச்சியைக் கெடாமலிருக்கப் பாட்டிலில் அடைத்து வேகவைப்பேன். லைசென்ஸில் இரண்டு பெயர் இருக்கிறது, பாதி மூஸ் உன்னுடையது. அதில் நான் மோசம் செய்யமாட்டேன். கீழறையில் இடதுபக்கம் என்னுடையது, வலதுபக்கம் உன்னுடையது. வலதுபக்கத்தில் ஒரு பாட்டிலைக்கூட நாங்கள் திறக்கமாட்டோம், பட்டினி கிடந்தாலும். ஆனால் தபாலில் அனுப்பமாட்டேன். வந்து சொல், எடுத்துக்கொள். சொல்லாவிட்டால் அது அங்கேயே இருக்கட்டும்.

ஃபீனி


தண்டர் பே
13 நவம்பர் 1994

அக்கா,

உன் கடிதத்தைச் சமையல்காரன் பெரியிடம் படித்துக் காட்டினேன். மூஸ் விழுந்த இடத்தில் கரண்டியால் மேசையைத் தட்டினான். அம்புரோஸ் சொன்னதைப் படித்ததும் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு, "அது சரி, உங்கக்கா முதல் தடவை ஏன் கண்ணை மூடினாங்க?" என்று கேட்டான்.

"மூடல" என்றேன். அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எஞ்சின் பெட்டி, சர்ச் புகைபோக்கி, நான் சொன்ன சொல், எல்லாம். முதல் முறையாக வாய்விட்டுச் சொல்கிறேன். பெரி சிரிப்பதை நிறுத்திவிட்டான். கரண்டியை வைத்துவிட்டு உருளைக்கிழங்கு உரிக்கப் போனான். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஒரு ஆளிடம் சொன்னதற்கே இப்படி. கடையில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று தினமும் எண்ணிப் பார்க்கிறேன். அதைத்தான் நீ நாலு வருடம் தாங்கியிருக்கிறாய்.

பலகையில் ஒட்டு என்று எழுதினேனே, அதுவும் ஓடி ஒளிகிற வேலைதான். நீ கண்டுபிடித்துவிட்டாய்.

டிசம்பர் இருபதாம் தேதி கப்பலைக் கட்டுகிறார்கள். இருபத்து நாலாம் தேதி, சனிக்கிழமை, மத்தியானப் பேருந்தில் வந்து இறங்குகிறேன். பேருந்து அம்புரோஸ் கடை வாசலில்தான் நிற்கும். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், ஊரே உள்ளே இருக்கும். பாதிரியார் மனைவியும் இருக்க வேண்டும், நீயே கூட்டிக்கொண்டு வா. அம்புரோஸின் அண்ணனும் வரட்டும்.

வீட்டுக்கு முதலில் வரமாட்டேன். உன்னோடு கை குலுக்கமாட்டேன். பெட்டியைக் கடை நடுவில் வைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றி, அம்புரோஸைப் பார்த்துச் சொல்வேன். நீ எனக்கு நேர் எதிரே நின்று என் கண்ணைப் பார்த்துக்கொண்டே இரு. நான் மூடமாட்டேன்.

ஹெட்லி